நாற்பத்தொரு போத்தல் மழை

என் புத்தக அலுமாரியின் நடுத்தட்டில் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் நிற்கிறது. நிவாரணத்துக்கு வந்த போத்தல்களில் ஒன்று. அதன் கழுத்தில் வெள்ளை நூலால் கட்டிய நாட்காட்டித் தாள் ஒன்று தொங்குகிறது. 27 என்ற பெரிய இலக்கம், டிசம்பர், 2004, திங்கட்கிழமை. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே உள்ள தண்ணீர் ஆண்டுக்காண்டு சிறிது குறைகிறது. ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மையால் ஒரு கோடு போட்டு வருகிறேன். கோடுகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு போத்தலும் நிற்கிறது. அதில் கோடு போடுவதற்கு எதுவும் இல்லை.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் பதிவேடுகள் எழுதும் இலிகிதராக இருந்தவன். எங்கள் கந்தோர் வாவிக்கரையில் இருந்தது, வீடு கடற்கரையில். இடையில் சைக்கிளில் ஐந்து நிமிடம். கந்தோர் வளவுக்குள் கம்பிவேலி போட்ட சிறு சதுரத்தில் ஒரு செப்பு மழைமானி நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு சேகரிப்புப் பாத்திரம். தினமும் காலை எட்டரைக்கு அந்தப் பாத்திரத்துத் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு தண்ணீரை வேலியோரத்துக் குரோட்டன் செடிக்கு ஊற்றிவிடலாம். ஞாயிறு, பூரணை, பொங்கல் என்று மழைக்கு விடுமுறை கிடையாது. எனக்கும் இருக்கவில்லை. சிறு வயதிலிருந்தே பழைய நாட்குறிப்புகளைத் தேடி வாசிப்பவன் நான். யார் எப்போது ஆட்சிக்கு வந்தார் என்பதைவிட, அன்று மழை பெய்ததா என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் அதில்தான் என் மனம் நிற்கும். ஆகவே வேறு யாரும் விரும்பாத அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். "ஊரில மற்ற ஆம்பிளயளுக்குக் கள்ளுக்கொட்டில். எங்கட ஆளுக்கு மழைப்பானை" என்பாள்.

கந்தோரைக் கூட்டித் துடைக்கும் பெண்ணை எல்லோரும் கந்தோர் அக்கா என்றே அழைத்தார்கள். என்னைவிட ஏழு வயது மூத்தவர். கணவன் இல்லை. ஒரே மகன், உழவு மெசின் ஓட்டுபவன். அக்காவுக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. ஆனால் நான் மழை அளக்கும்போது விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்று பார்ப்பார். "இண்டைக்கு எவ்வளவு ஐயா?" என்று கேட்பார். சொன்னால், ஏதோ தன் வயல் வட்டைக்கே பெய்தது போலத் தலையாட்டுவார். மழை பெய்யாத நாளில் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவேன். "வானம் லீவு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த நாளுக்கு நேரே பதிவேட்டில் நான் எதுவும் எழுதுவதில்லை. வெறுமையாக விடுவதுதான் வழக்கமாக இருந்தது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூரணை தினம். "இண்டைக்கு ஒரு நாளைக்கு உங்கட மழை நிக்கட்டும். பிட்டு ஆறிப்போகும்" என்றாள் மனைவி. பதினைந்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். எட்டரைக்கு அளந்தேன், எழுதினேன். அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் மாதம் முடியப் போகிறதே, படிவத்தைச் செம்மையாகப் பிரதி எடுத்துவிட்டால் நாளைக்கு வேலை குறையும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணியளவில் வீதியில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. வாவித் தண்ணீர் கந்தோர்ப் படிவரை வந்து நின்றது. கடல் வாவியைத் தேடி வந்துவிட்டது என்று ஒருவர் கத்திக்கொண்டு ஓடினார். நான் எதிர்த்திசையில் ஓடினேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. பின்னேரம், சிறு தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, மனைவியைத் தாழங்காட்டுக்குள் கண்டெடுத்தார்கள். அடுத்த நாளே அடக்கம். அந்த ஞாயிறு காலை நான் எழுதிய மழை அளவு எனக்கு நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத மனமில்லை.

என் தங்கை தன்னாமுனையில் இருந்தாள். அவளும் கணவனும் வந்து என்னைக் கூட்டிச் சென்றார்கள். அங்கே பின்னறையில் ஒரு பாயில் கிடந்தேன். தங்கை சோற்றைக் குழைத்து உருட்டிக் கையில் தந்தால் சாப்பிடுவேன். தராவிட்டால் கேட்க மாட்டேன். பதினைந்து நிமிடம் என்று சொன்னது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மழை அளக்கப் போகாமல் இருந்திருந்தால், அல்லது அளந்த கையோடு திரும்பியிருந்தால், அவளைக் கையில் பிடித்துக்கொண்டாவது ஓடியிருப்பேன். இனி அந்தப் பாத்திரத்தைத் தொடுவதில்லை, எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மனைவியின் அண்ணன் வந்து கூப்பிட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக வருபவை. ஆண்தான் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்வான். வீடும் இல்லை, அவளும் இல்லை. அந்த வளவுக்குள் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று நினைத்தேன்.

நாட்களை நான் எண்ணாமல் விட்டதாக நினைத்திருந்தேன். ஆனால் கந்தோர் அக்கா வாசலில் வந்து நின்றபோது, அது நாற்பத்துமூன்றாம் நாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தங்கை கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, என் பாயருகே வந்து குந்திக்கொண்டார். துக்கம் விசாரிப்பார் என்று முகத்தைத் திருப்பினேன்.

"ஐயா, அலுமாரித் துறப்பு உங்களுக்கிட்டத்தானே கிடக்கு?" என்றார்.

கிடந்தது. அன்று போட்டிருந்த சேர்ட்டுப் பைக்குள் இருந்த சாவியைத் தங்கை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தாள். அளவுக் குழாய் வைத்துப் பூட்டும் அலுமாரியின் திறப்பு அது. ஆணியைக் கையால் காட்டினேன். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அத்தனை நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் அவையாக இருக்க வேண்டும்.

"நான் கொண்டுபோய் என்ன செய்யிற? எனக்குக் கோடு பாக்கத் தெரியுமா? நீங்க வந்து அளங்க. எனக்குப் போத்தல் முடியப் போகுது."

என்ன போத்தல் என்று கேட்டேன்.

"மழைதான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு போத்தல். எலி வேற வருகுது, மூடியக் கடிச்சிருமோ எண்டு பயமாக் கிடக்கு. எத்தின நாளைக்கு நான் உங்கட மழைக்குக் காவல் கிடக்கிற?"

எனக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். கந்தோரில் எல்லோரும் நிவாரண வேலைக்குப் போய்விட்டார்கள். மழைமானியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடல் வந்த மறுநாள் காலை கூட்டவந்த அக்கா பாத்திரத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே தண்ணீர் இருந்தது. எழுதாமல் கொட்டினால் அந்த நாள் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியிருக்கிறது. அளவுக் குழாய் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. ஆகவே தண்ணீரையே எடுத்து வைத்துவிட்டார், நான் வரும்வரைக்கும்.

நான் அழவில்லை, கோபப்பட்டேன். அந்த மழையால்தான் அவள் செத்தாள், நான் வீட்டில் இருந்திருந்தால் என்று தொடங்கினேன். அக்கா என்னை முடிக்க விடவில்லை.

"இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் சேத்து முப்பத்தொண்டு செஞ்சிருப்பம், தம்பி. வேற என்ன நடந்திருக்கும்?" என்றார். அதுவரை கந்தோரில் ஐயா என்றே அழைத்தவர். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கு எட்டரைக்கு வாங்க. அளந்துபோட்டுத் திரும்பி வந்து படுங்க. ஒருத்தரும் உங்கட பாயைக் களவெடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். பின்னறைக் கதவருகே நின்ற தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நாற்பத்துமூன்று நாட்களாக யாரும் சிரித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பதிவேட்டுக்காரனுக்கு விடுபட்ட நாட்கள் கொடுக்கும் அரிப்பாக இருக்கலாம்.

ஆவணங்கள் வைக்கும் அறையில், கீழ்த்தட்டை ஒழித்துத் துடைத்து, அக்கா போத்தல்களை அடுக்கியிருந்தார். அகதி முகாம்களில் குடித்துவிட்டு எறிந்தவற்றைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்தவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நாட்காட்டித் தாள். இலக்கம் தெரியாதவர் நாளை எப்படிக் குறித்தார் என்று கேட்டேன். காலையில் வந்ததும் அன்றைய தாளைக் கிழிப்பாராம், அதையே கட்டிவிடுவாராம். கந்தோர் நாட்காட்டி டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்த ஆண்டு எங்களுக்கு யாரும் புது நாட்காட்டி கொண்டுவந்து தரவில்லை. அக்காவின் மகன் மெசின் ஓட்டிய ஓட்டமாவடி நெல் முதலாளி அவனுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். அதை அக்கா கந்தோருக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். "வீட்டில எனக்கு நாள் என்னத்துக்கு? மகன் வாற நாளும் போற நாளும் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

மேசையில் பதிவேட்டை விரித்தேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். தாளைப் பார்த்து நாளைச் சொல்வேன், ஊற்றுவேன், கோட்டைக் கண்மட்டத்துக்குப் பிடித்து வாசிப்பேன், எழுதுவேன். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்த போத்தல் வெறுமையாக இருந்தது. மூடி இறுக்கி, தாள் கட்டி, உள்ளே ஒரு சொட்டும் இல்லாமல். ஆவியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல, அண்டைக்கு மழை பெய்யல்ல."

பிறகு ஏன் போத்தல் என்றேன்.

"மழை பெய்யாட்டி அது நாள் இல்லையா?"

பேனாவை வைத்துவிட்டுப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பார்த்தேன். எத்தனையோ ஆண்டுகளாக நான் வெறுமையாக விட்ட கட்டங்கள். அன்றைக்கு நேரே முதல்முறையாக 'மழை இல்லை' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்து, எழுத்து விழுந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார்.

இறுதியில் எண்ணிப் பார்த்தேன். போத்தல்கள் நாற்பத்தொன்று. எனக்குத் தேவைப்பட்ட நாட்கள் நாற்பத்திரண்டு. எப்போதும் இப்படித்தான், ஒன்று குறைந்தால் எனக்கு மற்ற எல்லாம் மறந்துபோகும். பக்கத்தைத் திருப்பித் தேடினேன். ஜனவரி இருபத்தைந்தாம் திகதிக்குத் தனிப் போத்தல் இல்லை. இருபத்தாறாம் திகதிப் போத்தலில் இரண்டு தாள்கள் ஒன்றாகக் கட்டியிருந்தன. நான் இரண்டாவது தாளைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் தண்ணீரும் ஒன்றாகிவிட்டதே அக்கா, இதை எப்படிப் பிரிப்பது, ஒரு நாள் ஏன் விட்டீர்கள் என்று ஒரு மேலதிகாரியின் குரலில் கேட்டேன். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் கிடந்து என்னை வெட்கப்படுத்துகிறது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தவறு செய்துவிட்டு நிற்பவரைப் போலத்தான் பதில் சொன்னார்.

"அண்டைக்கு வெள்ளனவே உங்கட வளவுக்குப் போயிட்டன், தம்பி. உங்கட மனிசிக்கு முப்பத்தொண்டு. சமைக்கிறத்துக்குக் கை காணாது எண்டாங்க. கிணத்துக்கட்டுக்குப் பக்கத்தில பந்தல் போட்டு, உங்களுக்கெண்டு ஒரு பாய் விரிச்சிருந்தாங்க. நீங்க வருவீங்க எண்டு பொழுது சாயுமட்டும் அதில ஒருத்தரும் இருக்கல்ல."

அப்போதுதான் அழுதேன். பதிவேட்டை நகர்த்திவைத்துவிட்டு, மேசையில் தலையை வைத்து, கந்தோர் என்றும் பாராமல். அக்கா தேற்றவில்லை. வெளியே போய் விறாந்தையைக் கூட்டத் தொடங்கினார். காலையில் கூட்டிய விறாந்தைதான். நான் அடங்கும்வரை விளக்குமாற்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு நாட்களுக்கும் சேர்த்து ஒரே அளவை எழுதி, குறிப்புக் கட்டத்தில் காரணத்தை எழுதினேன். மற்ற நாட்களுக்கு 'போத்தலில் காத்து வைத்து அளந்தது' என்று எழுதினேன். மாத முடிவில் பொறியியலாளர் அந்தப் பக்கங்களைப் பார்த்தார். விதிப்படி அந்த அளவுகள் செல்லுமா என்று அவர் கேட்டிருக்கலாம். என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், பதிவேட்டை மூடித் தந்தார். அதே பின்னேரம் நான் மனைவியின் வளவுக்குப் போனேன். மைத்துனர் எதுவும் கேட்காமல் அங்கே போட்டிருந்த தற்காலிகக் கொட்டிலுக்குள் போய்ப் பாயைக் கொண்டுவந்து விரித்தார். அந்த வளவில்தான் இன்றும் இருக்கிறேன். அளந்த தண்ணீரை அந்தத் திங்கட்கிழமையே குரோட்டன் செடிக்கு ஊற்றிவிட்டிருந்தோம், முதல் போத்தலைத் தவிர. இருபத்தேழாம் திகதித் தண்ணீர் என்பது இருபத்தாறு காலை எட்டரைக்குப் பிறகு விழுந்த மழை. மனைவியைத் தூக்கி வந்தபோது எங்கள் எல்லோர் மீதும் விழுந்த தூறல். அளந்தபின் அதைத் திரும்பவும் போத்தலிலேயே ஊற்றினேன். அக்கா மூடியை இறுக்கித் தந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்குத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன். இவ்வளவு நேரமும் சுற்றி வந்திருக்கிறேன்.

2006 முடிந்து 2007 தொடங்கிய மாரியில் எங்கள் பக்கத்தில் சண்டை மூண்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து சனங்கள் மூட்டைகளோடு இக்கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த மாரியில் ஒரு நாள், மெசினோடு வயலுக்குப் போன அக்காவின் மகன் திரும்பி வரவில்லை. மெசின் பாதையோரத்தில் நின்றது. யார் கூட்டிச் சென்றார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எவரும் இரண்டாம் தடவை சொல்லத் துணியவில்லை. நான் அக்காவோடு சில வாசல்களுக்குப் போனேன், கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை. அக்கா ஒரு நாள்கூடக் கந்தோருக்கு வராமல் விடவில்லை. எட்டரைக்கு என் பக்கத்தில் வந்து நிற்பார். "இண்டைக்கு எவ்வளவு ஐயா?" என்பது மட்டும் நின்றுவிட்டது. நானாகச் சொல்வேன். தலையாட்டுவார்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அதன்பின் காணாமற்போனவர்களைப் பதிகிறார்கள் என்ற செய்தி வந்தது. அக்கா போய், வந்த வேகத்தில் திரும்பி என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"திகதி கேக்கிறாங்க, தம்பி. எனக்குத் திகதி தெரியா. திகதி இல்லாட்டி எழுத ஏலாதாம்."

அன்று வேறு என்ன நடந்தது என்று கேட்டேன். யோசித்தார். "ஆத்துவாய் வெட்டி மூண்டாம் நாள்" என்றார். "அண்டைக்கு விடியச் சரியான மழை. ஏழு மணிக்கு வெளிச்சிட்டுது. அவன், தண்ணி வத்துது எண்டு சந்தோசமா மெசினை எடுத்துக்கொண்டு போனான்."

மாரியில் வாவி நிறைந்து வயல்களை மூடும்போது, கடலுக்கும் வாவிக்கும் இடையே உள்ள மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அதைத்தான் நாங்கள் ஆற்றுவாய் வெட்டுவது என்போம். வெட்டிய நாளை மழைப் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதுவது என் வழக்கம். பக்கத்தைத் திறந்து மூன்று நாள் எண்ணினேன். காலை எட்டரைக்கு நான் அளந்த அளவு அதில் இருந்தது. அக்கா என் பக்கத்தில் நின்று, எவ்வளவு என்று கடைசியாகக் கேட்ட நாளும் அதுதான். திகதியைச் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. அது அவருடையது.

அக்கா ஒரு கணம் விரலை அந்த வரியில் வைத்தார். பிறகு, "எனக்கு அந்தத் தாள் வேணும்" என்றார். பழைய நாட்காட்டித் தாளை எங்கே தேடுவது? வெள்ளைத் தாளொன்றை அந்த அளவுக்கு வெட்டி, இலக்கத்தை நாட்காட்டியில் இருப்பது போலப் பெரிதாக, தடித்த கோட்டில் எழுதி, கீழே மாதமும் ஆண்டும் கிழமையும் எழுதிக் கொடுத்தேன். அதைக் காட்டிப் பதிந்துவிட்டு வந்தார். இவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறீர்கள் என்று அங்கே கேட்டார்களாம். "எங்கட கந்தோரில எழுதிக் கிடக்கு" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் நீண்ட காலத்துக்குப் பிறகு சிறிது பெருமை இருந்தது. பதிந்ததற்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். வேறெதுவும் வரவில்லை. திவசம் செய்யலாமே என்று சிலர் சொன்னபோது, அதற்குத் திகதி எடுக்கவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நான் ஓய்வு பெற்றேன். எனக்கு முன்பே அக்கா ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு மாரிக்கு முன் காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாளன்று வெள்ளனவே போய் விறகு கொத்திக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். பந்தலில் மகனுக்கென்று ஒரு பாயை விரிக்கச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் அதில் இருக்கவுமில்லை. பின்னேரம் அக்காவின் தங்கை மகள், "மாமா, இது பெரியம்மாட றங்குப்பெட்டிக்குள்ள கிடந்த. உங்கட எழுத்தாக் கிடக்கு" என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்து தந்தாள்.

வெறும் போத்தல். கழுவி, காயவைத்து, மூடி இறுக்கியிருந்தது. கழுத்தில் வெள்ளை நூலால், நான் வெட்டி எழுதிக் கொடுத்த தாள் கட்டியிருந்தது.

இன்று காலையும் எட்டரைக்கு முற்றத்தில் வைத்திருக்கும் என் சொந்த மழைமானியைத் திறந்து பார்த்தேன். சித்திரை வெயில், பாத்திரம் காய்ந்து கிடந்தது. உள்ளே வந்து, நடுத்தட்டில் இரண்டு போத்தல்களும் நிற்பதைப் பார்த்துவிட்டு, கொப்பியை விரித்து இன்றைய திகதியை எழுதினேன். அதற்கு நேரே, 'மழை இல்லை'.